பெயர் சொல்லுதல்: ஹாலிவுட் கறுப்புப் பட்டியலின் கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றிப் படிக்கப் புகுந்தால் இரண்டு சித்திரங்கள் நம்முன் வைக்கப்படும். போரிலிருந்து திரும்பிய வீரனுக்கு அரசு செலவில் கல்லூரிப் படிப்பு, புறநகரில் ஒரு வீடு, கார், தொலைக்காட்சிப் பெட்டி என்று விரியும் செழிப்பின் சித்திரம் ஒன்று. கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம்மிடம் உள்ளது என்று முழங்கிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் முகத்தோடு நினைவில் நிற்கும் அச்சத்தின் சித்திரம் மற்றொன்று. அந்த இரண்டாவது சித்திரத்தின் ஒரு மூலையை மட்டும் நாம் இங்கே சற்று நெருங்கிப் பார்க்க முற்படுகிறோம். திரைக்கதை எழுதிப் பிழைத்த சிலருடைய பெயர்களுக்கு அப்போது என்ன நேர்ந்தது என்பதே நம் கேள்வி.

மெக்கார்த்தியின் பெயராலேயே அக்காலம் முழுவதையும் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. காலவரிசையோ வேறு சொல்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் ஆற்றிய உரையால் அவர் நாடறிந்தவரானது 1950 பிப்ரவரி 9 அன்று. அதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் முன்பே, 1947 மார்ச்சில், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ட்ரூமன் மத்திய அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணையில் கையொப்பமிட்டுவிட்டார். அவ்வாண்டு ஜூனில் நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், தொழிற்சங்க நிர்வாகிகள் தாம் கம்யூனிஸ்டுகள் அல்லர் என்று உறுதிமொழி எழுதித்தர வேண்டும் என்றது. அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோதச் செயல்கள் குழு' ஹாலிவுட்டை விசாரிக்க அமர்ந்தது. மெக்கார்த்தி செனட் சபையைச் சேர்ந்தவர்; இக்குழுவில் அவருக்கு இடமே கிடையாது.

அந்த முதல் விசாரணையில் வால்ட் டிஸ்னி, கேரி கூப்பர், நடிகர் சங்கத் தலைவராக இருந்த ரொனால்ட் ரீகன் போன்றோர் குழுவுக்கு இணக்கமான சாட்சிகளாக வந்தனர். இணங்காதவர்களாக அழைக்கப்பட்டவர்களுள் பதினொருவர் சாட்சிக் கூண்டேறினர். பதினோராமவர் ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட். தாம் கட்சி உறுப்பினர் அல்லர் என்று மிகப் பணிவாகச் சொல்லிவிட்டு மறுநாளே விமானமேறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். எஞ்சிய பத்துப் பேர், அவர்களுள் பெரும்பாலோர் திரைக்கதை ஆசிரியர்கள், "நீங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினரா, எப்போதேனும் உறுப்பினராக இருந்ததுண்டா" என்ற கேள்விக்கு விடை சொல்ல மறுத்தனர். பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் காக்கும் முதல் சட்டத்திருத்தம் தங்களைக் காக்கும் என்று நம்பினர்.

காக்கவில்லை. நவம்பரில் பிரதிநிதிகள் சபை அவர்கள்மீது அவமதிப்புக் குற்றம் சாட்டியது. அதையொட்டித் திரைப்பட நிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் கூடி, இந்தப் பத்துப் பேருக்கும் வேலை தருவதில்லை, தெரிந்தே எந்தக் கம்யூனிஸ்டையும் பணியமர்த்துவதில்லை என்று அறிவித்தனர். கூட்டம் ஹாலிவுட்டில் நடவாமல் நியூயார்க்கில் நடந்தது கவனிக்கத்தக்கது. படங்களுக்கு முதல் போடும் வங்கிகளும் முதலீட்டாளர்களும் அங்கேதான் இருந்தனர். அரசு எந்தச் சட்டத்தாலும் ஒருவரையும் எழுதக் கூடாதென்று தடுக்கவில்லை. அதைச் செய்து முடித்தது வணிகத்தின் அச்சம். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. திரையரங்குக் கூட்டம் 1946க்குப் பின் குறையத் தொடங்கியிருந்தது. 1948இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நிறுவனங்கள் தம் திரையரங்குகளையும் கைவிட வேண்டிய நிலையை உருவாக்கியது. அத்தகைய வேளையில் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகள் வாசலில் நிற்பதை யார்தான் விரும்புவர்?

பத்துப் பேரும் மேல்முறையீட்டை நம்பியிருந்தனர். தங்கள் பக்கம் சாயக்கூடிய இரு நீதிபதிகள் 1949இல் அடுத்தடுத்து இறந்தனர். 1950 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுக்க, பத்துப் பேரும் சிறை புகுந்தனர். கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி சிறைக்குப் போன ரிங் லார்ட்னர் ஜூனியர் அங்கே ஒரு பழைய முகத்தைக் கண்டார். விசாரணைக் குழுவின் தலைவராக அமர்ந்து அவரைக் கேள்வி கேட்ட பார்னெல் தாமஸ், தம் அலுவலகச் சம்பளப் பட்டியலில் மோசடி செய்த குற்றத்துக்காக அதே சிறையில் இருந்தார். கதையில் எழுதினால் மிகை என்று நாமே அடித்துவிடுவோம்.

இதற்குள் உலகம் மாறியிருந்தது. 1949இல் சோவியத் ரஷ்யா அணுகுண்டைச் சோதித்தது. சீனா கம்யூனிஸ்டுகள் வசமாயிற்று. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. அதே மாதம் வெளியான 'ரெட் சானல்ஸ்' என்ற சிறுநூல் வானொலி, தொலைக்காட்சித் துறையைச் சேர்ந்த 151 பேரின் பெயர்களை அச்சிட்டது. 1951இல் குழு மீண்டும் ஹாலிவுட்டை அழைத்தபோது விசாரணையின் இயல்பே மாறிப்போயிருந்தது. இம்முறை கேட்கப்பட்டது பிறருடைய பெயர்கள்.

இங்கே சட்டத்தின் நுணுக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் சட்டத்திருத்தம் கைகொடுக்காது என்பது பத்துப் பேரின் சிறைவாசத்தால் தெளிவாகிவிட்டது. எஞ்சியிருந்தது ஐந்தாம் சட்டத்திருத்தம்: தன்னைத்தானே குற்றத்துக்கு உள்ளாக்கும் சாட்சியத்தைத் தரும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. ஆனால் ஒருவர் தம்மைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லிவிட்டால், அதன் தொடர்ச்சியாகப் பிறரைப் பற்றிக் கேட்கும்போது அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 'நான் உறுப்பினனாக இருந்தேன், அதற்கான விளைவை நான் ஏற்கிறேன், மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்' என்று ஒரு மனிதர் கண்ணியமாகச் சொல்லக்கூடிய அந்த நடுவழி அடைபட்டது. நாடகாசிரியர் லில்லியன் ஹெல்மன் 1952 மே மாதம் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த வழியைத்தான் கேட்டார், குழு மறுத்தது. முழுமௌனம், அல்லது முழுவாக்குமூலம், அல்லது சிறை என்று ஆயிற்று. முழுமௌனம் காத்தவருக்குச் சிறை இல்லை, வேலையும் இல்லை.

குழுவுக்கு அந்தப் பெயர்கள் உண்மையிலேயே தேவைப்பட்டனவா? பெரும்பாலானவை அதற்கு முன்பே தெரிந்தவை. புலனாய்வுத் துறையின் ஆட்கள் கட்சிக் கிளைகளுக்குள்ளேயே இருந்தனர். முன்வந்த சாட்சிகள் ஒரே பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நடிகர் லாரி பார்க்ஸ் 1951 மார்ச்சில், தம்மைப் பற்றி எதையும் சொல்கிறேன், பிறரைச் சொல்லவைக்க வேண்டாம் என்று மன்றாடினார். மூடிய அறையில் அவரைச் சொல்லவைத்த பிறகே குழு ஓய்ந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் காலில் விழுவது போன்ற சடங்கு இது. அவன் விழுவதால் பஞ்சாயத்தாருக்குப் புதிதாகத் தெரியவருவது ஒன்றுமில்லை. ஆனால் விழாமல் எழுந்து போகவும் விடமாட்டார்கள். பார்க்ஸுக்குக் காலில் விழுந்தும் பயன் கிட்டவில்லை. அவருடைய திரைவாழ்க்கை ஏறத்தாழ அத்தோடு முடிந்தது.

பயன் கிட்டியவர்களும் உண்டு. இயக்குநர் எலியா கசான் 1952 ஏப்ரலில் குரூப் தியேட்டரில் தம்மோடு இருந்த எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். அத்தோடு நில்லாமல் நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்துத் தம் செயலை நியாயப்படுத்தினார். 1954இல் வெளிவந்த அவருடைய 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்', உண்மையைச் சொல்லத் துணிந்த சாட்சியை நாயகனாக்குகிறது; அதன் திரைக்கதையை எழுதிய பட் ஷுல்பெர்க்கும் பெயர்களைச் சொன்னவர். படம் மிக நல்ல படம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துறைமுகத்துக் கூலிக்காரனைக் கொல்லும் ரவுடிக் கும்பலுக்கும், ஒரு காலத்தில் தம்மோடு நாடகம் போட்ட நண்பர்களுக்கும் உள்ள வேறுபாட்டை அது பேசாமல் கடந்துவிடுகிறது என்பதும் நம் எண்ணம்.

பெயரைச் சொல்லாதவர்களோ தங்கள் பெயரையே இழந்தனர். 1952இல் திரைக்கதை ஆசிரியர்களின் சங்கமே, குழுவின் முன் தம்மைத் தெளிவுபடுத்திக்கொள்ளாதவர்களின் பெயரைத் திரையிலிருந்து நீக்கிக்கொள்ள நிறுவனங்களுக்கு ஒப்புதல் அளித்தது. எழுத்து மட்டும் ஓயவில்லை. டால்டன் டிரம்போ சிறையிலிருந்து மீண்டு மெக்சிகோவிலும் பின்னர் கலிஃபோர்னியாவிலும் இருந்தபடி புனைபெயர்களில் எழுதிக் குவித்தார், முன்னைவிடப் பன்மடங்கு குறைந்த கூலிக்கு. 'ரோமன் ஹாலிடே' படத்தின் மூலக்கதை நண்பர் இயான் மெக்லெல்லன் ஹன்டரின் பெயரில் போய் ஆஸ்கார் பரிசையும் பெற்றது. 1957இல் 'தி பிரேவ் ஒன்' படத்தின் கதைக்காக ராபர்ட் ரிச் என்பவர் பெயர் மேடையில் அறிவிக்கப்பட்டபோது யாரும் எழுந்து வரவில்லை. அவர் மனைவியின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருக்கிறார் என்று சொல்லி வேறொருவர் வாங்கிக்கொண்டார். ராபர்ட் ரிச் என்பது தயாரிப்பாளரின் உறவினர் ஒருவரது பெயர், எழுதியவர் டிரம்போ. அடுத்த ஆண்டு 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைக்கதைக்கான பரிசு, ஆங்கிலத்தில் எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியர் பியேர் பூலுக்குப் போயிற்று. எழுதிய இருவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தனர். சங்க இலக்கியத்தில் தம் பெயரை இழந்த புலவர்களுக்கு அவர்களுடைய வரிகளிலிருந்தே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று பெயரிட்டுக் காத்தனர் தொகுத்தோர். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இவர்களையெல்லாம் களங்கமற்ற தியாகிகளாக வரைந்துவிடவும் கூடாது. பத்துப் பேரும் ஏதேனும் ஒரு காலத்தில் கட்சியில் இருந்தவர்கள். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளைக் காண மறுத்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆல்பர்ட் மால்ட்ஸின் கதை இவ்வகையில் நம்மை மிகவும் உறுத்துவது. சிறுகதையாளராகவும் நாவலாசிரியராகவும் மதிக்கப்பட்ட அவர் 1946 பிப்ரவரியில் 'நியூ மாசஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இலக்கியத்தை ஆயுதமாக மட்டுமே கருதும் போக்கு எழுத்தாளனை முடக்குகிறது, ஆசிரியனின் அரசியலைக் கொண்டு படைப்பை அளக்கக் கூடாது என்பது அதன் சாரம். தோழர்கள் சினந்தெழுந்தனர். கண்டனக் கட்டுரைகள், கூட்டங்கள். இரண்டே மாதங்களில் மால்ட்ஸ் அதே இதழில் தம் கருத்தைத் தாமே மறுத்து எழுதினார். நம் முற்போக்கு இலக்கிய விவாதங்களைப் படித்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆக, கைவிட்டு மன்னிப்புக் கோரும் சடங்கை மால்ட்ஸ் முதலில் கண்டது வாஷிங்டனில் அன்று; தம் சொந்தக் கட்சிக்குள்ளே. பத்துப் பேரில் ஒருவரான எட்வர்ட் டிமிட்ரிக் பின்னர் மனம் மாறி 26 பெயர்களைச் சொன்னபோது, கட்சி மால்ட்ஸை நடத்திய விதத்தையும் தம் கசப்புக்கான காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். அதே மால்ட்ஸ்தான் அரசின் முன் மண்டியிட மறுத்துச் சிறை சென்றவர்.

1960இல் 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்ட்டகஸ்' ஆகிய படங்களில் டிரம்போவின் பெயர் திரையேறியது. மால்ட்ஸுக்கு அந்த வாய்ப்பு அதே ஆண்டில் வந்து கைநழுவியது: ஃபிராங்க் சினாட்ரா அவரைத் திரைக்கதை எழுத அமர்த்தியதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் விலக்கினார். மால்ட்ஸ் தம் பெயரைத் திரையில் மீண்டும் காண 1970 வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த 1970இல் எழுத்தாளர் சங்கம் டிரம்போவுக்கு உயரிய விருதொன்றை அளித்தது. ஏற்புரையில் அவர், அந்த இருண்ட காலத்தில் வீரர்களையோ வில்லன்களையோ தேடிப் பயனில்லை, இருந்தவர்கள் யாவரும் பலியானவர்களே என்னும் பொருள்படப் பேசினார். பெருந்தன்மையான பேச்சு என்று பலரும் போற்றினர். மால்ட்ஸ் ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதைப் பகிரங்கமாகவே மறுத்தார். பெயர் சொன்னவனும் சொல்லாதவனும் ஒன்று என்றால், சொல்லாமல் இழந்தவர்களின் இழப்புக்கு என்ன பொருள் என்பது அவர் வாதம். பழைய நண்பர்கள் இருவரும் கடிதங்களில் நெடுநாள் சண்டையிட்டனர்.

டிரம்போவின் சொல்லில் இருக்கும் களைப்பு நமக்குப் புரிகிறது. பெண்டு பிள்ளைகளோடு கடனில் தவித்து, முகமூடிப் பெயர்களில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த மனிதர் கணக்கை முடித்துவிட விரும்பியது இயல்பே. ஆயினும் நாம் மால்ட்ஸின் பக்கமே நிற்கிறோம். பார்க்ஸும் கசானும் ஒரே அறையில் ஒரே கேள்வியை எதிர்கொண்டவர்கள் என்றாலும் ஒருவர் கெஞ்சினார், மற்றவர் விளம்பரம் கொடுத்தார். அந்த வேறுபாட்டையும் 'யாவரும் பலியானவர்களே' என்ற சொல் அழித்துவிடுகிறது. மால்ட்ஸின் பிடிவாதத்தில், 1946இல் தாம் ஒருமுறை பணிந்ததன் வலியும் கலந்திருக்குமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

திருத்தங்கள் மெல்ல வந்தன. 'தி பிரேவ் ஒன்' பரிசு 1975இல் டிரம்போவின் கைக்கு வந்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். 'ரோமன் ஹாலிடே' கதைக்குரியவராக எழுத்தாளர் சங்கம் அவர் பெயரைச் சேர்த்தது 2011இல். கசானுக்கு 1999இல் வாழ்நாள் ஆஸ்கார் வழங்கியபோது அரங்கில் ஒரு பகுதியினர் எழுந்து கைதட்ட, மற்றொரு பகுதியினர் கைகட்டி அமர்ந்திருந்தனர். மால்ட்ஸ் மறைவில் எழுதி, நண்பர் மைக்கேல் பிளாங்க்ஃபோர்ட்டின் பெயரில் 1950இல் வெளிவந்த படம் 'புரோக்கன் ஏரோ'. எழுத்தாளர் சங்கமே அதற்கு அப்போது பரிசும் அளித்திருந்தது. அதன் உண்மை ஆசிரியர் மால்ட்ஸ் என்று சங்கம் அறிவித்தது 1991இல். அவர் இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.