கோட்டை வாயிலில் கற்ற பாடம்

கல்விச் சுற்றுலாவை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். பாடநூலில் ஒரு வரியாக உள்ள செய்தி, அவ்விடத்தை நேரில் காணும்போதுதான் உயிர் பெறுகிறது. ஆயினும், அவ்வாறு சென்று காணும் உரிமை நம் மக்களுக்கு எளிதில் கிட்டியதன்று. அதற்குரிய வரலாற்றுச் சான்று ஒன்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

1934ஆம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர், தம்முடன் பணியாற்றிய தாழ்த்தப்பட்டோர் சுமார் 30 பேருடன் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் காண்பது அவர்கள் விருப்பம். வழியில், நிஜாம் ஆட்சியிலிருந்த தௌலதாபாத் கோட்டையையும் காணச் சென்றனர். தேவகிரி என்னும் பெயரில் யாதவ மன்னர்களின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. கோட்டை வாயிலருகே இருந்த சிறு குளத்து நீரில், வழிப்புழுதி போகச் சிலர் முகம் கழுவினர். தீண்டத்தகாதோர் நீரைத் தீட்டாக்கிவிட்டனர் என்று உடனே கூச்சல் எழுந்தது. அங்கிருந்த முஸ்லிம்கள் திரண்டு வந்து வசைபாடினர். தீண்டாமை மத எல்லையையும் கடந்து நிற்பதை அண்ணல் அன்று கண்டார். முடிவில், உள்ளே எங்கும் நீரைத் தொடலாகாது என்னும் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கண்காணிக்க, ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவரும் உடன் அனுப்பப்பட்டார்.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அரசு நிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை முதலியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அவ்வாண்டிலேயே, அண்ணல் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், தௌலதாபாத்தை அடுத்த ஔரங்காபாத்தில் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. நீரைத் தொடவிடாத வட்டாரத்திலேயே அவர் கல்விக்கு வாயில் திறந்தார்.

ஆகவே, செஞ்சிக் கோட்டைக்கோ மாமல்லபுரத்துக்கோ செல்லும் நம் மாணவர், கல்லையும் கட்டடத்தையும் மட்டும் கண்டு திரும்புதல் போதாது. இவற்றை எழுப்ப உழைத்தோர் யாவர், உள்ளே விடப்பட்டோர் யாவர், குளத்து நீர் யாருக்கு உரியதாய் இருந்தது என்றும் கேட்டறிதல் வேண்டும்.

கட்டணம் செலுத்த இயலாமையால், கூலித் தொழிலாளியின் பிள்ளை சுற்றுலா நாளன்று வீட்டிலேயே தங்கிவிடுவதை நம் ஆசிரியப் பணியில் பன்முறை கண்டுள்ளோம். சட்டம் திறந்த வாயிலை வறுமை அடைத்திட விடலாமா? வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், ஆண்டுதோறும் அத்தகைய பிள்ளைகளின் பயணச் செலவை ஏற்க முன்வருமாக!