அல்லி அரிசியும் அமுதசுரபியும்

அப்பா போனபோது எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சைனிக்புரியில் எங்கள் தெருவில் பாதிப்பேர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர்கள். ஆளுக்கு ஒரு மாநிலம், ஆளுக்கு ஒரு பாஷை. ஆனால் இந்த வழக்கம் மட்டும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு தெலுங்கு ஆன்ட்டி கேரியரில் சாதமும் பப்புச்சாரும் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் சாப்பிட்டோம். அம்மா சாப்பிடவில்லை.

பதிமூன்று நாள் முடிந்த பிறகும் ராத்திரிச் சாப்பாட்டை அம்மா தொடவில்லை. கேட்டால், "எங்கம்மா அப்படித்தாண்டா இருந்தா" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஷுகர் மாத்திரை போடுகிறவர், வெறும் வயிற்றோடு எப்படிப் படுப்பது? கோபம்கூட வந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் ஒரு ஜப்பானிய நாவலைக் கையில் கொடுத்தாள். பனானா யோஷிமோட்டோ எழுதிய 'கிச்சன்', 1988ல் வந்தது. வளர்த்த பாட்டியும் இறந்துபோக, மிகாகே என்ற பெண் தனியாகிறாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கமே வருகிறது. அவளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த பையனுக்கும் பிறகு ஒரு சாவு நேர்கிறது. மிகாகே ராத்திரியில் ஒரு கடையில் கட்ஸுடோன் (பன்றிக்கறி வறுவலும் முட்டையும் போட்ட சோறு) சாப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறது. உடனே இன்னொன்று கட்டச் சொல்லி, டாக்ஸி பிடித்து, வெளியூர் விடுதியில் இருக்கும் அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். துக்கத்தில் இருப்பவனைச் சாப்பிட வைப்பது, கதையில் அவ்வளவுதான்.

படித்து முடித்ததும், நம்மிடம் இது எப்படி இருந்தது என்று தேட ஆரம்பித்தேன். நான் பி.காம். படித்தவன், பழைய பாட்டெல்லாம் உரையோடு படித்தால்தான் புரியும். உ.வே.சா. 1894ல் பதிப்பித்த புறநானூற்றில் கிடைத்தது, ஆனால் தலைகீழாக.

பூதப்பாண்டியன் இறந்ததும் தீயில் இறங்கப் போகிறாள் அவன் தேவி பெருங்கோப்பெண்டு. தடுக்கிற சான்றோர்களிடம் அவள் சொல்லும் காரணத்தில் பாதி சாப்பாட்டைப் பற்றியது. நெய் இல்லாமல், தண்ணீரில் கிடந்த சோற்றைப் பிழிந்து, எள்ளுத் துவையலோடும் புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரையோடும் தின்று, பாய்கூட இல்லாமல் பரல் கல்லில் படுக்கும் பெண் நான் இல்லை என்கிறாள். அந்தச் சாப்பாட்டுக்குத் தீயே மேல்!

ஒக்கூர் மாசாத்தனார் பாட்டு இன்னும் சின்னது. சிறு வெள்ளாம்பலைப் பார்த்து ஒருத்தி வருந்துகிறாள். இளம் வயதில் இதன் தழை உடுத்த ஆயிற்று. கணவன் போனபின் இதன் அல்லி அரிசிதான் உணவு, அதுவும் உரிய வேளை தவறி. வேளை தவறி என்று படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அம்மாவின் ராத்திரிப் பட்டினிக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம்.

சென்னை மாகாணத்தில் உடன்கட்டையை 1830ல் தடை செய்தார்கள். 1856ல் விதவை மறுமணம் செல்லும் என்று சட்டம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் எந்தச் சட்டமும் வரவில்லை. அது அடுப்படிக்குள் இருந்த வழக்கம். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போனது.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. அப்பா கோவலன் கொலையுண்டு, அம்மா மாதவி துறவு பூண்ட வீட்டுப் பெண் அவள். மணிபல்லவத்தில் அமுதசுரபி கிடைக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஆனால் அதில் முதல் பிச்சை யார் இடுவது? ஆதிரை இட வேண்டும் என்கிறார்கள்.

யார் இந்த ஆதிரை? கணவன் சாதுவன் கடலில் இறந்தான் என்று கேள்விப்பட்டுத் தீ மூட்டி உள்ளே இறங்கியவள். தீ அவளைச் சுடவில்லை. அவன் உயிரோடிருக்கிறான் என்று அசரீரி சொல்ல, வீடு திரும்பினாள். அவனும் பிறகு வந்து சேர்ந்தான். பெருங்கோப்பெண்டு போன அதே தீயிலிருந்து திரும்பி வந்தவள் கையால் இட்ட சோற்றில்தான் ஊர்ப் பசி தீர ஆரம்பிக்கிறது. யானைத்தீ என்னும் தீராப் பசி நோயில் கிடந்த காயசண்டிகைக்கு அதிலிருந்து ஒரு பிடி போதுமானதாக இருந்தது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் அதன் பிறகுதான்.

சாத்தனார் ஏன் ஆதிரையைத் தேர்ந்தெடுத்தார்? கற்புக்காக என்பார்கள். துக்கம் தெரிந்த கை என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "ஆமா, பெரிய புலவர்" என்றதோடு சரி. ராத்திரித் தட்டு காலியாகவே இருந்தது.

போன வருடம் பக்கத்து வீட்டு அங்கிள் காலமானார். காலையில் நான் எழுவதற்குள் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்துவிட்டது. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து அம்மாவே எடுத்துப் போனார். ஆன்ட்டி வாயைத் திறக்கவில்லை. ராத்திரியும் போனார். எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிடப் போனபோது இரண்டு தட்டு இருந்தது. "நான் சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடுவாளாம், என்ன பண்றது?" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமலே.

இப்போது தினமும் எட்டு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே.

உங்கள் வீட்டிலும் வேளை தவறிச் சாப்பிடும் ஒரு அம்மாவோ அத்தையோ இருக்கலாம். ஊருக்கு போன் செய்யும்போது, ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.