குடலில் குடியிருக்கும் கோடானுகோடி

நோய் என்றதும் கிருமி என்றும், கிருமி என்றதும் பகை என்றும் எண்ணுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். ஆயினும், நல்ல உடல்நலத்தோடு வாழும் ஒவ்வொருவர் குடலிலும் எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றின் தொகையைக் காட்டிலும் அவற்றின் வகைப் பெருக்கமே நமக்குக் காவல். இவ்வுண்மையை அறிஞர் உலகம் உணர்ந்து கொள்ள மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாறு நாம் அறிந்து பயன்கொள்ளத் தக்கது.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் அந்தோனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர் வாழ்ந்தார். பல்கலைக்கழகம் சென்றவரல்லர், லத்தீன் மொழி அறிந்தவருமல்லர். ஆனால் கண்ணாடி வில்லைகளைத் தம் கையாலேயே தேய்த்து உருவாக்கும் கலையில் அவருக்கு நிகர் அவரே. 1681-ஆம் ஆண்டில் வயிற்றுப்போக்குற்றபோது அவர் தம் மலத்தையே அவ்வில்லையின்கீழ் வைத்து ஆராய்ந்தார். அதில் அசைந்து திரிந்த சிற்றுயிர்களைப் பற்றி லண்டன் அரச கழகத்துக்கு மடலும் எழுதினார்.

அதன்பின் இரு நூற்றாண்டுகள் கழிந்தன. 1885-ஆம் ஆண்டில் மியூனிக் நகரின் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக், பச்சிளங் குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று ‘எஷரிக்கியா கோலை’ என அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பாரிஸில் ஆராய்ச்சி செய்த ரஷ்ய அறிஞர் மெச்னிக்கோவ் வேறொரு வழியில் சிந்தித்தார். பெருங்குடலில் நிகழும் அழுகலே முதுமைக்குக் காரணம் என்றும், பல்கேரிய நாட்டுத் தயிரிலுள்ள பாக்டீரியா அதைத் தடுக்கும் என்றும் அவர் கூறினார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற மேதை அவர். ஆயினும், அந்தத் தயிர் பாக்டீரியா குடலில் நிலைத்துத் தங்குவதில்லை எனப் பின்வந்தோர் கண்டனர்.

ஒருவர் ஒரு நுண்ணுயிரைத் தனித்துக் கண்டார். மற்றொருவர் ஒரு நுண்ணுயிரிடமே மருந்தைத் தேடினார். குடலோ ஒன்றின் ஆட்சியன்று. பல வகையினர் கூடி வாழும் பெருநகரம்! இவ்வுண்மை ஏன் நெடுங்காலம் மறைந்திருந்தது? குடல்வாழ் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை காற்றுப்பட்டால் வளராதவை. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ந்தவற்றையே முழுமை என அறிஞர்கள் எண்ணினர். எளிதில் வளர்ந்த எஷரிக்கியா கோலை பெயர் பெற்றது. உண்மையில், வளர்ந்தோர் குடலில் அது பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மாட்டின் இரைப்பையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட், 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், உயிர்வளி புகாத குழாய்களில் இவற்றை வளர்க்கும் முறையை வகுத்த பின்னரே கதவு சற்றுத் திறந்தது.

கதவு முழுமையாகத் திறந்தது மரபணு ஆராய்ச்சியினால். 1977-இல் கார்ல் வோஸ் காட்டிய வழியைப் பின்பற்றி, நுண்ணுயிர்களை வளர்க்காமலே மரபணுவைக் கொண்டு இனங்காண இயன்றது. 2005-இல் வெளியான ஆய்வொன்று மூவருடைய குடலில் மட்டும் 395 பாக்டீரியா வகைகளைக் கண்டது. 2010-இல் ஐரோப்பியர் 124 பேரை ஆராய்ந்தோர், ஒவ்வொருவரிடமும் குறைந்தது 160 இனங்கள் இருப்பதாக மதிப்பிட்டனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தி. உடலின் உயிரணுக்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நம்முள் உள்ளன என்று பல நூல்கள் எழுதின. அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்கலாகாது என்பது மதரஸாவில் ஓதியோர் நன்கறிந்த விதி. 2016-இல் மூன்று அறிஞர்கள் அவ்வாறே இக்கணக்கின் மூலத்தைத் தேடிச் சென்றனர். அது 1972-இல் ஒருவர் செய்த தோராய மதிப்பீட்டில் போய் முடிந்தது! அவர்கள் திருத்திய கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. உயிரணுக்கள் 30 இலட்சம் கோடி.

தொகை எதுவாயினும், வகைப் பெருக்கம் குலைந்தால் வருவது கேடே. நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளைச் சிதைத்துக் குடற்சுவருக்கு உணவாக்குபவை இவை. தீய கிருமிக்கு இடங்கொடாமல் இடத்தை நிரப்பி நிற்பவையும் இவையே. ஆன்டிபயாட்டிக் மருந்து பகையை மட்டும் பிரித்தறிந்து கொல்வதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் உட்கொண்ட மூவரை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலான வகைகள் நான்கு வாரங்களில் மீண்டன. சில ஆறு மாதங்களாகியும் மீளவில்லை. இத்தகைய வெற்றிடத்தில்தான் ‘கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்’ என்னும் கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. அந்நோய் திரும்பத் திரும்ப வந்தோருக்கு, நலமுள்ளவரின் மலத்தைக் கரைத்துக் குழாய்வழி குடலுள் செலுத்திய டச்சு நாட்டு ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமடைந்தனர். மருந்து மட்டும் பெற்ற 13 பேரிலோ நால்வரே. இழந்த பன்மை திரும்பியது, நலமும் திரும்பிற்று.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எத்தனையோ உயிர்களைக் காத்தவை. மருத்துவர் தேவையென்று கொடுத்தால் அவர் சொன்ன அளவிலும் நாளிலும் உட்கொள்ளவே வேண்டும். ஆனால் சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும், மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டும். சளியை உண்டாக்கும் வைரசை அம்மருந்து தொடுவதேயில்லை; குடலின் காவலரையே வீழ்த்துகிறது. கீரையும் பயறும் காய்கறியும் சிறுதானியமும் மாறி மாறி நம் சஹனில் இடம்பெறட்டும். உண்பது நாம் மட்டுமல்லர். நம்மை நம்பி, நம்மைக் காத்து நிற்கும் ஒரு பெருங்கூட்டமும் உண்கிறது.