உப்பு வரி போயிற்று, பாட்டு நின்றது

கடப்பாக்கம் கடற்கரையில், கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. அதன் துறையிலிருந்து ஒரு காலத்தில் உப்பும் கப்பலேறியது. தெற்கே மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. இவ்வழியே செல்லும்போதெல்லாம் உப்புக்காகப் பிறந்த ஒரு பாட்டு நம் நினைவுக்கு வருகிறது.

ஆங்கிலேய அரசு உப்புக்கு வரி விதித்தது. கடலோரத்தில் உப்பு அள்ளுவதையும் குற்றமாக்கியது. கஞ்சிக்கு உப்புத் தேடும் ஏழைக்கே அச்சுமை மிகுதி. அதை எதிர்த்துக் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். தமிழ்நாட்டில் 1930 ஏப்ரல் 13 அன்று, இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டனர். அவர்கள் நடந்தபடியே பாடுவதற்கு நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஒரு பாடல் இயற்றித் தந்தார்.

தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருபவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டி வைத்தனர். துண்டறிக்கையைப் பறிமுதல் செய்யலாம். எழுத்தறியாதவர் நெஞ்சிலும் பதிந்துவிட்ட பாட்டை எவ்வாறு பறிப்பது? தனித்திருப்பவரை அச்சுறுத்துவது எளிது. சேர்ந்து பாடுபவரை அச்சுறுத்துவது அரிது.

ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய இராஜாஜி கைதானார். மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகளும் கைதாக, அவரிடத்தில் தலைமையேற்றவர் 76 வயது முதியவர் அப்பாஸ் தயாப்ஜி. பரோடாவில் நீதிபதியாக இருந்த அவரும் சிறை புகுந்தார்.

சேர்ந்து சுமப்போர் சேர்ந்து பாடுவது நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 5-இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டியபோது, பசியோடிருந்த தோழர்கள் பாடிக்கொண்டே மண் சுமந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தாமே மண் சுமந்து, அவர்களோடு குரல் சேர்த்தார்கள்.

பிற்காலத்தில் கீழக்கரையில் சாகுல் அமீதாகப் பிறந்த கவிஞர் இன்குலாப், ஒடுக்கப்பட்டோருக்காக 'மனுசங்கடா' என்னும் பாடலை எழுதினார். கே.ஏ. குணசேகரனின் குரலில் அது ஊர் ஊராகச் சென்றது. அவருடைய கொள்கைகள் பலவற்றோடு நாம் உடன்படாதிருக்கலாம். ஆயினும், சாதியால் மிதிபட்டவரின் வலியைத் தம் வலியாக்கிக்கொண்ட அக்குரலை நாம் மறுக்க இயலாது.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நமக்கு அநீதி நேரும்போது குரல் எழுப்புகிறோம். அடுத்த தெருவில் பிறர்க்கு நேரும்போது? பாட்டுக்கு வலிமை தருவது மெட்டு மட்டுமன்று. பாடியவர் சுமையையும் சுமந்தார் என்பதே அதை நிலைக்கச் செய்கிறது.

உப்பு வரி 1947-இல் நீங்கியது. பாட்டு இன்னும் நீங்கவில்லை. அடுத்த முறை ஆலம்பரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, இடிந்த சுவர்களோடு இந்த வரலாற்றையும் அவர்களுக்குக் காட்டுவோம்.