தாது வருடப் பஞ்சம்

மழை பொய்த்தலும் மக்கள் பசியால் மடிதலும் ஒன்றே என எண்ணுவோர் பலர். முன்னது இயற்கையின் செயல். பின்னதிலோ மனிதருக்கும் பங்குண்டு. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது, 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சமாகும்.

1876இல் சென்னை மாகாணத்திற் பருவமழைகள் பொய்த்தன. அடுத்த ஆண்டின் தென்மேற்குப் பருவமழையும் உரிய காலத்திற் கைகொடுத்திலது. பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமுறும் எல் நீனோ நிகழ்ச்சியே இதற்குக் காரணம் என்பது இக்கால ஆய்வாளர் துணிபு. எனினும் தானியம் அறவே இல்லாமற் போகவில்லை. புகையிரதங்கள் அதனைக் கொணர்ந்தன; விலையோ ஏழையின் கைக்கு எட்டவில்லை. உழவு நின்றமையாற் கூலி நின்றது. வாங்குவார் இன்மையால் நெசவாளர் தறிகளும் நின்றன. அவ்வேளையிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பதே இராசப்பிரதிநிதி லிற்றன் பிரபுவின் கொள்கை.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கவர் சேர் றிச்சாட் ரெம்பிள் ஆவர். 1873-74இற் பீகாரில் வறட்சி நேர்ந்தபோது, அவர் மேற்பார்வையிற் பர்மாவிலிருந்து அரிசி தருவிக்கப்பட்டது. உயிர்ச்சேதம் மிகச் சிறிதே. ஆயினும் வீண்செலவு செய்தாரென்ற பழி அவரைச் சூழ்ந்தது. 1877இற் சென்னைக்கு அனுப்பப்பட்ட அவரே, நிவாரண வேலை செய்த ஆடவரின் நாட்கூலியை ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். உடலுழைப்புக்கு இது போதாதென மாகாணச் சுகாதார அதிகாரி வைத்தியர் கோணிஷ் வாதாடினார். பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டோர் மீண்டாரல்லர். பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தனர். பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தோர் ஏறத்தாழ 55 இலட்சம் என்பது ஒரு கணிப்பு.

1880இல் பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன் வழியே 1883இற் பஞ்ச நிவாரண விதிகள் வகுக்கப்பட்டன. பயிர் கெட்டவுடன் வேலையும் கூலியும் அளித்தல் அரசின் கடன் என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

இன்று புவி வெப்பமுறுதலால் வறட்சியும் பெருமழையும் பல நாடுகளிற் கடுமையாகி வருகின்றன. வானத்தை ஆள்வது எளிதன்று. களஞ்சியத்தை ஆள்வதோ மனிதர் கையில் உள்ளது. விளைவு குன்றும் ஆண்டில் ஏழையின் கையில் உணவு வாங்கும் வலு உண்டா என்று முதலில் வினவுதல் வேண்டும். பீகாரிற் பிழைத்தோரும் சென்னையில் மடிந்தோரும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாம்.