ஒரே துறைமுகம், இரண்டு கப்பல்!

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டும். வருடம் 1905. நீராவிக் கப்பல்தான் வேண்டும் என்றால், 'பிரிட்டிஷ் இந்தியா' கம்பெனியைத்தான் நம்பியிருக்க வேண்டும். அவர்கள் சொன்னதுதான் கட்டணம்!

1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 'சுதேசி நாவாய்ச் சங்க'த்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். முதலில் ஓட்டியது வாடகைக் கப்பல். கப்பல் கொடுத்தவர்களை வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்க, அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். வ.உ.சி. அசரவில்லை. 'காலியா', 'லாவோ' என்று சொந்தமாகவே இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஆரம்பித்தது கட்டணப் போர். வெள்ளைக்காரர்கள் ஒரு ரூபாய்க்கு இறங்க, சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. கடைசியில், 'டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்கள், ஒரு குடையும் தருகிறோம்' என்றார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. 1911-ல் கம்பெனியே கலைந்துபோனது.

தெரிந்த கதைதானே, இப்போது எதற்கு என்கிறீர்களா? தூத்துக்குடியில் அக்கா மகன் தன் கம்ப்யூட்டரைத் திறந்துபோட்டு, பழைய ஹார்டு டிஸ்க் பக்கத்தில் புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். மூடி ஸ்விட்சைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வந்தது: விண்டோஸா, லினக்ஸா?

"ரெண்டும் இதுக்குள்ளயே இருக்கு மாமா. எது வேணுமோ அதுல போய்க்கிடலாம்" என்றான்.

ஒரே துறைமுகம், இரண்டு கப்பல்! இதற்குப் பெயர் 'டூயல் பூட்'. இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1983-ல் ஐ.பி.எம். வெளியிட்ட 'பி.சி. எக்ஸ்.டி.' கம்ப்யூட்டரில் பத்து மெகாபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. இன்றைக்கு செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோவுக்கே அது நிரம்பிவிடும். ஆனாலும் அந்தச் சின்ன இடத்தை நாலு பாகமாகப் பிரித்துக்கொள்ள வழி செய்திருந்தார்கள். வேறு வேறு இயங்குதளங்கள் ஒரே டிஸ்க்கில் குடியிருக்கட்டும் என்றுதான்! டிஸ்க்கின் முதல் 512 பைட்தான் வாசல். எந்தப் பாகத்திலிருந்து கிளம்புவது என்று தீர்மானிப்பது அங்கேதான்.

சிக்கலும் அங்கேதான். லினக்ஸ் போட்டு வைத்த டிஸ்க்கில் பிறகு விண்டோஸைப் போட்டால், அது கேட்காமல் கொள்ளாமல் அந்த வாசலைத் தனதாக்கிக்கொள்ளும். லினக்ஸ் உள்ளேயே பத்திரமாக இருக்கும். அதற்குப் போகத்தான் வழி இருக்காது. தொண்ணூறுகளில் 'லிலோ', 'க்ரப்' என்ற குட்டி புரோகிராம்கள் வந்தன. வாசலில் நின்று, 'எந்தக் கப்பல் சார்?' என்று கேட்பதுதான் அவற்றின் வேலை.

இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்தால்? அதுவும் நடந்தது. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான் லூயி காஸே ஆரம்பித்த 'பி' கம்பெனி, 'பி ஓ.எஸ்.' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் ஹிட்டாச்சி தன் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் விண்டோஸோடு இதையும் போட்டு விற்றது. ஆனால், கம்ப்யூட்டரைப் போட்டால் நேராக விண்டோஸ்தான் வரும். இன்னொன்று உள்ளே இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது! மைக்ரோசாஃப்ட்டின் லைசென்ஸ் நிபந்தனைதான் காரணம் என்று பி கம்பெனி 2002-ல் வழக்குப் போட்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 2003-ல் 2 கோடியே 32½ லட்சம் டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால், பி கம்பெனி 2001-லேயே தன் சொத்துக்களை 'பாம்' நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது. நீதி வந்தபோது கப்பல் இல்லை.

அக்கா மகன் செய்த வேலைக்கு வருவோம். அவனுடைய பழைய டிஸ்க், உள்ளே தட்டு சுற்றும் ரகம். மெதுவானது, ஆனால், குறைந்த காசுக்கு நிறைய இடம். புதியது 'என்.வி.எம்.இ.' என்ற ரகம். சூயிங்கம் பட்டை அளவுதான். சுற்றுவதற்கு எதுவுமே கிடையாது, கண்மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் தயார். வேகமான புதியதில் லினக்ஸ்; பழையதில் ஏற்கெனவே இருந்த விண்டோஸும் போட்டோக்களும். லினக்ஸை ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டான். ஆக, ஒருவர் வாசலை இன்னொருவர் தொட வழியே இல்லை. ஆளுக்கொரு படகுத்துறை! விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியையும் நிறுத்திவிட்டான். இல்லாவிட்டால் அது முழுதாகக் கடையை மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் போய் அந்த டிஸ்க்கில் எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், போட்டோக்களுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்தானாம். கெட்டிக்காரன்!

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தர ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸோடு நம் சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்'ஸும் இருந்தது. பல பிள்ளைகள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும், ஸ்விட்சைப் போட்டதும் 'எது வேண்டும்?' என்ற கேள்வி அவர்களிடம் கேட்கப்பட்டது. அது சின்ன விஷயமில்லை.

அதே 2011-ல்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். குடை வாங்கிக்கொண்டு எதிர்க் கப்பலில் ஏறியவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? வெயில் அப்படி! ஆனால், இரண்டாவது கப்பல் இல்லாமல்போன துறைமுகத்தில், குடையை எத்தனை நாளைக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்?