மக்கள் மாளிகை யாருக்கு?

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் துரைமாராய் வந்தவர்களில் ஸ்காத்லாந்து தேசத்தார் பலர் என்பதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அத்தேசத்தின் மிகப் பெரிய நகரம் கிளாஸ்கோ. 1938-ஆம் ஆண்டு முதல் மலாயா ரயில்வேக்கு வந்திறங்கிய ‘ஓ’ வகுப்பு நீராவி இஞ்சின்கள் அந்நகரத்துத் தொழிலாளர் கையால் உருவானவை. அத்தொழிலாளரின் சரித்திரத்தைக் காத்து வைக்க நகரசபை ஏற்படுத்திய பொருட்காட்சிசாலை ஒன்றைப் பற்றியும், அது எவ்வழியிற் செல்லவேண்டும் என்று அங்கே எழுந்த வாதங்களைப் பற்றியும் ஈண்டுச் சிறிது எழுதப் புகுகின்றோம். துரைகளின் ஊர்க்கதை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். துரைகளின் ஊரிலும் கூலிகள் உண்டு, அன்பர்களே.

கிளாஸ்கோவின் கீழ்த்திசைப் பகுதி 19-ஆம் நூற்றாண்டில் நெருக்கமும் புகையும் நோயும் மலிந்த இடம். ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று, மாண்டது. அவர்கள் மூச்சுவிட இருந்த வெளி ‘கிளாஸ்கோ கிரீன்’ என்னும் பொதுத் திடல். துணி உலர்த்துவதும் அங்கே. அரசியற் கூட்டம் கூடுவதும் அங்கே. அத்திடலில் நகரசபை ஒரு கட்டடம் எழுப்பி, ‘மக்கள் மாளிகை’ என்று பெயரிட்டு, 1898 ஜனவரி 22-இல் ரோஸ்பெரி பிரபுவைக் கொண்டு திறந்து வைத்தது. கீழ்த்தளத்தில் வாசகசாலை, அதன் மேல் பொருட்காட்சி, அதற்கும் மேல் சித்திரசாலை, பின்புறம் கண்ணாடியால் வேய்ந்த பெரும் பூங்கா. பிரபுவுக்கு மாளிகை இருக்கலாமாயின் நெசவாளிக்கு ஏன் இருக்கலாகாது என்ற எண்ணம் அப்பெயரிலேயே தொனிக்கின்றது. ஆயினும், நல்ல சித்திரங்களைக் காட்டித் தொழிலாளியை உயர்த்திவிடலாம் என்பதே அன்றைய கனவான்களின் நோக்கம். 1940-களிலிருந்துதான் அது நகரத்தின் சரித்திரசாலையாக விளங்கியது.

1974-இல் எல்ஸ்பெத் கிங் என்னும் அம்மையார் அதன் பொறுப்பை ஏற்றார். கிளாஸ்கோ தன்னைத் தானே இடித்துக்கொண்டிருந்த காலம் அது. சேரிகளை ஒழிப்பதென்றும் பெருஞ்சாலை போடுவதென்றும் பழைய குடியிருப்புகள் தெருத்தெருவாய்த் தரைமட்டமாயின. கிங் அம்மையாரும் அவருடைய உதவியாளர் மைக்கேல் டானலியும் இடிபடும் கட்டடங்களுக்குள் புகுந்து வர்ணக் கண்ணாடிகளை மீட்டெடுத்தார்கள். தொழிற்சங்கங்களின் கொடிகளையும், பெண்கள் வாக்குரிமைக் கிளர்ச்சியின் சின்னங்களையும் தேடிச் சேர்த்தார்கள். இடிக்கும் சம்மட்டிக்கு முன்னே ஓடிச் சென்று பொறுக்கிய வேலை என்றே இதைச் சொல்லவேண்டும்.

மாளிகைக்கு அருகே கால்டன் என்னும் நெசவாளர் பகுதி உண்டு. 1787-இல் கூலியைக் குறைத்தபோது அந்நெசவாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பட்டாளம் வந்து சுட்டது. ஆறு பேர் மாண்டனர். இருநூறு ஆண்டு கழிந்து, 1987-இல், அந்நிகழ்ச்சி தொடங்கித் தொழிலாளர் போராட்டத்தைக் காட்டும் எட்டுச் சித்திரங்களைக் கென் கர்ரி என்னும் ஓவியரைக் கொண்டு தீட்டுவித்து மாளிகையின் குவிமாடக் கூரையின் கீழ் வைத்தார்கள். சுடப்பட்டவனின் கதையை நகரசபையின் பணத்திலேயே எழுதிவைத்த துணிவு எத்தனை ஊர்களில் உண்டு?

அப்புறம் 1990 வந்தது. அவ்வாண்டு கிளாஸ்கோ ஐரோப்பாவின் கலாச்சார நகரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ரயில் நிலையத்தின் அடியிலுள்ள வளைவு மண்டபங்களில் நகரசபை ஒரு பெருங்காட்சி வைத்தது. நுழைவுக் கட்டணமும் உண்டு. அது பெருத்த நஷ்டத்தில் முடிந்தது. ஏழைகள் இலவசமாய்ப் பார்த்த மக்கள் மாளிகையோ ஓரத்தில் நின்றது. அதே சமயத்தில் சமூக சரித்திரத்துக்கென ஒரு மேற்பதவியை நகரசபை உண்டாக்கி, பதினாறு ஆண்டு உழைத்த கிங் அம்மையாருக்கு அதைத் தராமல் மார்க் ஓநீல் என்பவருக்கு அளித்தது. ஊரே கொதித்தது, பத்திரிகைகளில் கடிதங்கள் குவிந்தன, அம்மையார் விலகினார். அது அநீதி என்பதே நம் அபிப்பிராயம்.

ஆனால் பதவிக்கு வந்தவரை வில்லனாக்கினால் சரித்திரம் கோணலாகிவிடும். ஓநீல், ரயில் இஞ்சின்கள் பிறந்த ஸ்பிரிங்பர்ன் பகுதியில் ஒரு சிறு பொருட்காட்சிசாலையை நடத்தியவர். 1990-இல் தொடங்கிய ‘திறந்த பொருட்காட்சிசாலை’ என்னும் ஏற்பாட்டின்படி, பூட்டிக் கிடந்த பொருள்கள் ஆஸ்பத்திரிக்கும் சிறைக்கும் சங்கக் கூடத்துக்கும் கொண்டுபோகப்பட்டன. மாளிகைக்கு வர இயலாதவரிடம் மாளிகையே போயிற்று. முன்னவர் சேர்த்துவைத்திராவிடில் பின்னவர் எதைக் கொண்டுபோயிருப்பார்?

மாளிகையின் சுவரில் தொங்கிய ஒரு சித்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜான் கிளாஸ்போர்டு என்னும் புகையிலை வியாபாரி, 1767 வாக்கில், பட்டும் சரிகையுமாய்த் தன் குடும்பத்தோடு அமர்ந்திருக்கும் படம். அவன் செல்வம் அமெரிக்காவில் அடிமைகள் பயிரிட்ட புகையிலையால் வந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு அடிமைச் சிறுவன் நின்றான் என்றும், வெட்கப்பட்ட பிற்காலத்தார் அவனை மை பூசி மறைத்துவிட்டார்கள் என்றும் நெடுநாள் சொல்லிவந்தார்கள். நிபுணர்கள் துடைத்துப் பார்த்தபோது மை ஒன்றுமில்லை, அழுக்கே மூடியிருந்தது. சிறுவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவன் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. 2022-இல் நகரசபை, அடிமை வியாபாரத்தில் நகரம் கொண்ட பங்குக்காகப் பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டது.

கண்ணாடிப் பூங்கா பழுதுற்று 2018-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. மாளிகையையும் புதுப்பிப்பதற்காக 2024-இல் மூடினார்கள். கோடிக்கணக்கான பவுன் செலவாகும் வேலை. கண்ணாடி உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். 1974-க்குப் பின் இடிபாட்டிலிருந்து எடுத்தவற்றை எடுக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு பவுன் கொட்டினாலும் இன்று கிடைக்குமா? எதிர்காலத் திட்டம் என்று வரைபடம் விரிப்பவர்கள் பெரும்பாலும் கூரையைப் பற்றியே பேசுகின்றார்கள்.

நம் பக்கம் திரும்புவோம். சிங்கப்பூரில் 2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது, மகிழ்ச்சியே. மலேசியத் தோட்டங்களின் நிலை வேறு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது; லயங்கள் இடிந்தன. கிராணி வேலை பார்க்கும் நாம் கண்டவரையில், ஒரு தோட்டத்தை விற்று ஆபீசைக் காலி செய்யும்போது நிலப் பத்திரங்கள் பெட்டியில் ஏறுகின்றன. செக்ரோல் புத்தகங்கள் நெருப்பில் ஏறுகின்றன. இன்னார் இத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார், இத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார் என்று தினந்தோறும் எழுதியது அப்புத்தகத்தில்தான். தம் கைப்பட ஒரு வரியும் எழுதிவைக்காத நம் பாட்டன் பாட்டிமார் பலரின் பெயர் வேறெந்தக் காகிதத்தில் இருக்கிறது?

ஆதலின் தோட்டத்து வாலிபர் சங்கத்தார்க்கு ஒரு வேலை சொல்வோம். பால் வாளி, மங்கு, வெட்டுக் கத்தி, பெரட்டு மணி, பழைய செக்ரோல் ஆகியவை எந்தத் தோட்டத்தில், எவர் வீட்டில் உள்ளன என்று முதலில் ஒரு நோட்டில் எழுதட்டும். பொருளுக்கு உடையவர் பெயரும், அவர் சொல்லும் கதையும் அதிலேயே ஏறட்டும். பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தத்தம் ஊர் நகராண்மைக் கழகத்துக்குச் சென்று ஓர் அறை கேட்கட்டும்.